சந்திரன் வைத்த பாக்கி

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டரில் இன்றைய தாளை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் இங்கிலீஷ் தேதி. கீழே தமிழ்த் தேதி. ஓரமாகப் பொடி எழுத்தில் ஹிஜ்ரி. அதற்கும் கீழே திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். ஒரே ஒரு நாள்தான், அதற்கு இத்தனை விலாசம். நாம் பல் தேய்த்துக்கொண்டே பரபரவென்று கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

நாலு வருடத்துக்கு ஒரு முறை பிப்ரவரி 29 வரும்போது பத்திரிகைக்காரர்களான எங்களுக்கு ஒரு வேலை வரும். கட்டம் கட்டி ஒரு செய்தி போடவேண்டும். 'இன்று பிறந்தவர்களுக்கு நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் பிறந்த நாள்' என்கிற அரதப் பழசான சமாசாரம். அதில் தவறாமல் வருகிறவர் மொரார்ஜி தேசாய். 1896 பிப்ரவரி 29. பாவம், அவருடைய முதல் பிறந்த நாள் நாலு வருடத்தில் வரவில்லை, எட்டு வருடம் கழித்து 1904-ல்தான் வந்தது. காரணம் பிறகு சொல்கிறேன். வேடிக்கை என்னவென்றால், அவர் காத்திருந்த அதே 1904 பிப்ரவரி 29-ல் மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி. 1977-ல் பிரதமர் மொரார்ஜி, 'நீங்கள் ஜனாதிபதி ஆகிறீர்களா?' என்று கேட்டது இவரைத்தான். அம்மையார் வேண்டாம் என்றுவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கடைசியாக வந்த பிப்ரவரி 29, 2024-ல் ஒரு வியாழக்கிழமை. தமிழ்க் கணக்கில் அன்று மாசி 17. இங்கிலீஷ்காரன் ஒரு நாளைப் புதிதாகச் செருகியதைப் பற்றி மாசி அலட்டிக்கொள்ளவே இல்லை. வழக்கம்போல முப்பது நாள் நடந்து, பங்குனியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. 'லீப் வருடம்' என்கிற வார்த்தையே நம் பஞ்சாங்கத்தில் கிடையாது. ஏன்? சூரியன் அவர்களுக்கு ஒரு மாதிரியும் நமக்கு ஒரு மாதிரியுமா சுற்றுகிறது?

நான் பாளையங்கோட்டையில் பி.காம். படித்தவன். வானவியல் எனக்குத் தூரம். ஆனால் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் இடிக்கிறபோது என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். லீப் வருடம் என்பது அப்படியொரு இடிப்பு, அவ்வளவுதான்.

பூமி சூரியனை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அதே பருவத்துக்கு வந்து சேர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 நொடி ஆகிறது. இந்த ஐந்தே முக்கால் மணிச் சில்லறைதான் மனித குலத்தின் மண்டையைக் குடைந்தது. சில்லறையைக் கணக்கில் எடுக்காவிட்டால் நாலு வருடத்தில் ஒரு நாள் பிசகும். நூறு வருடத்தில் 24 நாள். விதைப்பு மாதத்தில் அறுப்பு நடக்கும்.

கி.மு. 238-லேயே எகிப்தில் மூன்றாம் தாலமி ராஜா, நாலு வருடத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஆணை போட்டார். ஊர் கேட்கவில்லை. பிறகு ரோமில் ஜூலியஸ் சீசர். அங்கே நிலைமை இன்னும் மோசம். வருடத்தில் மாதத்தைச் செருகுகிற அதிகாரம் பூசாரிகள் கையில். வேண்டியவர் பதவியில் இருந்தால் ஒரு மாதம் கூட்டுவது, வேண்டாதவர் என்றால் விட்டுவிடுவது. (நம் ஊரில் இப்படியொரு அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்!) சீசர் அலெக்சாந்திரியாவிலிருந்து சோசிஜினிஸ் என்கிற அறிஞரைப் பிடித்து, கி.மு. 46-ஐ 445 நாளாக இழுத்துக் கணக்கை நேர்செய்து, மறு வருடத்திலிருந்து நாலுக்கு ஒன்று என்று லீப் நாளைக் கொண்டுவந்தார். அது ஏன் பிப்ரவரி தலையில் விழுந்தது? பழைய ரோமானியக் கணக்கில் வருடம் மார்ச்சில் தொடங்கும். பிப்ரவரி கடைசி மாதம். கடைசிப் பந்திக்கு என்ன மிச்சமோ அதுதானே?

ஐந்தே முக்கால் மணியை சீசர் ஆறு மணியாக ரவுண்ட் ஆஃப் செய்துவிட்டார் அல்லவா? வருடத்துக்குப் பதினொரு நிமிடம் வித்தியாசம். கல்லாவில் தினம் பதினொரு பைசா குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் அது பத்து நாள் ஆகிவிட்டது. ஈஸ்டர் பண்டிகை பருவம் தப்பி வருகிறதே என்று போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582-ல் கத்தரியை எடுத்தார். அக்டோபர் 4 வியாழன் இரவு தூங்கியவர்கள், அக்டோபர் 15 வெள்ளியன்று எழுந்தார்கள். இனிமேல் நூற்றாண்டு வருடங்களில் 400-ஆல் வகுபடுவது மட்டும்தான் லீப் என்றும் விதி வைத்தார். அதனால்தான் 1900 லீப் இல்லை. மொரார்ஜிக்கு நாலு வருடம் நஷ்டம்.

எங்கள் காமர்ஸ்காரர்களுக்கு ஒரு துணுக்கு. இங்கிலாந்து இந்தக் காலண்டருக்கு 1752-ல்தான் மாறியது. பதினொரு நாள் காணாமல் போனது. வரி வசூலிக்கிற கஜானா மட்டும் ஏமாறத் தயாராக இல்லை. மார்ச் 25-ல் தொடங்கிய கணக்கு வருடத்தை ஏப்ரல் 5-க்குத் தள்ளிக்கொண்டது. 1800 லீப் இல்லை என்பதால் இன்னொரு நாளும் தள்ளியது. பிரிட்டனில் இன்றைக்கும் வருமான வரி வருடம் ஏப்ரல் 6-ல்தான் பிறக்கிறது. நமக்கோ, மாதச் சம்பளக்காரராக இருந்தால், பிப்ரவரி 29-ல் ஓசியில் ஒரு நாள் வேலை.

இனி நம் கணக்கு.

தமிழ் மாதம் என்பது யாரும் உட்கார்ந்து 30, 31 என்று பங்கு பிரித்தது இல்லை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்தால் மாதம் பிறப்பு. அடுத்த ராசிக்குள் நுழைந்தால் மாதம் முடிவு. பூமி சூரியனைச் சுற்றுகிற பாதை சரியான வட்டம் இல்லை. ஜூலை மாத ஆரம்பத்தில் சூரியனுக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிறோம். அப்போது ஓட்டம் மெதுவாகிறது. அதனால் ஆனிதான் நீள மாதம், சில வருடம் 32 நாள்கூட வரும். ஜனவரி ஆரம்பத்தில் பக்கத்தில் இருக்கிறோம், ஓட்டம் வேகம். அதனால் மார்கழி குட்டை மாதம், 29 சொச்சம் நாள். பிப்ரவரி குட்டையானதற்கு ரோமாபுரி அரசியல் காரணம். மார்கழி குட்டையானதற்கு ஆகாயம் காரணம். எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

வாக்கியப் பஞ்சாங்கத்தில் வருடத்துக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. நாழிகைக்கு 24 நிமிடம் என்று போட்டுப் பாருங்கள், 6 மணி 12 நிமிடம் 30 நொடி வரும். இந்தச் சில்லறையை நாம் தனியாகச் சேர்த்து வைத்து நாலு வருடத்துக்கு ஒரு நாளாக மாற்றுவதில்லை. மாதப் பிறப்பு நேரம் வருடா வருடம் ஆறு மணி நேரம் தள்ளிக்கொண்டே போகும். சூரிய அஸ்தமனத்துக்கு முன் மாதம் பிறந்தால் அன்றே ஒன்றாம் தேதி. அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறு நாள். அவ்வளவுதான். சில வருடம் 365, சில வருடம் 366 என்று லீப் தன்னாலேயே நடந்துவிடுகிறது. பெயர்தான் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் விதி வேறு. மலையாளக் கணக்கில் பகலின் ஐந்தில் மூன்று பங்குக்குள், அதாவது சுமார் ஒன்றேகால் மணிக்குள், மாதம் பிறந்தாக வேண்டும். தாண்டினால் மறு நாள்தான் ஒன்றாம் தேதி. 2023-ல் நமக்குச் சித்திரை விஷு ஏப்ரல் 14, கேரளாவில் விஷு ஏப்ரல் 15. சூரியன் ஒன்றுதான். செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு தேதி, ஆரியங்காவு தாண்டினால் இன்னொரு தேதி.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இந்த இரண்டு கணக்கிலும் ஒரு காலை வைத்துக்கொண்டு வாழ்ந்த ஊர். பழைய கல்வெட்டு, ஓலை, கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் 'கொல்லம்' ஆண்டு எட்டிப் பார்க்கும். கி.பி. 825-ல் தொடங்கிய கணக்கு அது. வருடம் பிறப்பது சித்திரையில் இல்லை, ஆவணியில். எங்கள் ஆச்சி செங்கோட்டைக்காரி. 1956 நவம்பர் 1 வரைக்கும் அந்த ஊர் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சிச் சீமை. ஆச்சியிடம் வயது கேட்டால், "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல நான் கைப்பிள்ள" என்பாள். சின்ன வயதில் எனக்கு 1999 இன்னும் வரவே இல்லையே என்று குழப்பமாக இருக்கும். அவள் சொன்னது கொல்லம் 1099. அந்த ஆடியில் கேரளாவைப் புரட்டிப்போட்ட பெருவெள்ளத்துக்கு அங்கே இன்றும் அதுதான் பெயர். ஆடி என்றால் 825-ஐக் கூட்டவேண்டும். 1924 ஜூலை. ஆவணியிலிருந்து மார்கழி வரை என்றால் 824-தான் கூட்டவேண்டும். இந்த ஒற்றை எண்ணில் தவறி, ரேஷன் கார்டில் ஒரு வயது கூடியும் குறைந்தும் போன ஆச்சிகள் எங்கள் பக்கம் ஏராளம். கொல்லம் 1200, 2024 ஆகஸ்ட் 17-ல் பிறந்தது. திருநெல்வேலியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இது வரைக்கும் சூரியன் மட்டும்தான். நிஜமான சிக்கலே சந்திரன் உள்ளே வரும்போதுதான்.

அமாவாசையிலிருந்து அமாவாசைக்கு இருபத்தொன்பதரை நாள். பன்னிரண்டு அமாவாசை என்றால் 354 நாள். சூரியக் கணக்குக்குப் பதினொரு நாள் குறைச்சல். பாங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். சூரியன் ஒரு பாஸ் புக், சந்திரன் ஒரு பாஸ் புக். இரண்டும் வருடக் கடைசியில் ஒத்துப்போகாது. வருடத்துக்குப் பதினொரு நாள் பாக்கி சேர்ந்து, சுமார் முப்பத்திரண்டரை மாதத்தில் ஒரு முழு மாதமே நிலுவையாக நிற்கும். அதை ஒரே என்ட்ரியில் நேர்செய்வதுதான் அதிக மாதம். பத்தொன்பது வருடத்தில் ஏழு முறை.

இந்தப் பாக்கியை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தார்கள் என்பதைப் பார்க்க நீங்கள் உலகம் சுற்றவேண்டாம். திருநெல்வேலி டவுன் பஸ்ஸில் ஏறினால் போதும். மேலப்பாளையத்தில் ஹிஜ்ரி. அங்கே பாக்கியைத் தீர்ப்பதே இல்லை. அதனால் ரம்ஜான் வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னால் வந்து, முப்பத்து மூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கத்திரி வெயிலிலும் நோன்பு, மார்கழிப் பனியிலும் நோன்பு. 2030-ல் ஜனவரியில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை என்று இரண்டு தடவை ரம்ஜான் தொடங்கும். பாளையங்கோட்டை ஊசிக் கோபுரம் சர்ச்சில் ஈஸ்டர். அது மார்ச் 21-ஐ ஒட்டியோ அதற்குப் பின்போ வருகிற பவுர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் ஊசலாடும். நெல்லையப்பர் கோயிலில் சூரிய மாதத்துக்குள் நட்சத்திரத்தைத் தேடுகிற கணக்கு. மூன்றும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள்.

2023-ல் இந்தப் பாக்கி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது.

அந்த வருடம் ஆடியில் இரண்டு அமாவாசை. ஆடி 1, ஜூலை 17 திங்கள் அன்று ஒன்று. ஆடி 31, ஆகஸ்ட் 16 புதன் அன்று ஒன்று. ஆடி அமாவாசைக்கு பாபநாசத்தில் தாமிரபரணியில் முங்கி, செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மலைக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குவார்கள். அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். எந்த அமாவாசைக்குப் போவது?

சித்தப்பா ரிட்டயர்ட் வாத்தியார். பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மைனி, ஒரே மாசத்துல ரெண்டு அமாவாசை வந்தா முதலுள்ளது கணக்குல சேராது. அது மலமாசம். ரெண்டாவதுதான்" என்றார். சாஸ்திரப்படி அவர் சொன்னதுதான் சரி. பாபநாசத்திலும் சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் பெருங்கூட்டம் ஆகஸ்ட் 16-ல்தான். ஆனால் எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் ஜூலை 17-ஐத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 'ஆடி பிறக்கும்போதே அமாவாசை, இதை விடலாமா' என்று. வாட்ஸ்அப்பில் இரண்டு கட்சிக்கும் ஜோதிடர்கள் ஆதாரம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

நான் சென்னையிலிருந்து போனில் சித்தப்பா கட்சியை ஆதரித்துப் பேசினேன். இருபத்தொன்பதரை நாள், பதினொரு நாள் பாக்கி, ரீகன்சிலியேஷன் எல்லாம் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ சொல்லுதது எல்லாம் செரிதான்யா. உங்க அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியுமா? அவுக பாட்டுக்கு மொத அமாவாசைக்கே பசியோட வந்து வாசல்ல நின்னுட்டாக்க?"

என்னிடம் பதில் இல்லை. ஜூலை 17-ல் வீட்டில் வாழைக்காய் புட்டும் பருப்பும் சோறும் வைத்துக் காக்காய்க்குப் போட்டாள். ஆகஸ்ட் 16-ல் நாங்கள் எல்லோரும் பாபநாசம் போனோம். படித்துறையில் நிற்க இடமில்லை. ஐயர் மந்திரத்துக்கு நடுவில் வருடம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். தலையில் ஈரத் துண்டோடு நிற்கும்போதுதான் உறைத்தது. நீ நிற்கிற இடமும் நேரமும் இது, இந்த விலாசத்துக்குத்தான் வரவேண்டும் என்று செத்தவர்களுக்குச் சொல்கிற காரியம் அது. விலாசம் தப்பிவிடக் கூடாதே என்கிற பயம் அம்மாவுக்கு மட்டும் இல்லை. சீசருக்கும் கிரிகோரிக்கும் இருந்தது அதே பயம்தான் என்று தோன்றியது.

நம் சூரியக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் வருடம் நட்சத்திரத்தைப் பார்த்து நடக்கிறது, பருவத்தைப் பார்த்து இல்லை. பருவ வருடத்தைவிட நம்முடையது 23 நிமிடம் 45 நொடி அதிகம். அறுபது வருடத்துக்கு ஒரு நாள் தள்ளும். பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்று முடிந்தால் ஒரு நாள்! சஷ்டியப்தபூர்த்தி கொண்டாடுகிறவர்கள் அதை போனஸாக வைத்துக்கொள்ளலாம்.

நம்ப முடியவில்லையா? விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. அது 1863 ஜனவரி 12. இப்போது பொங்கல் 14 அல்லது 15. உத்தராயணம் என்று நாம் தை ஒன்றாம் தேதியைக் கொண்டாடினாலும், சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22-லேயே முடிந்துவிடுகிறது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் இரண்டும் ஒன்றாக இருந்தன. 2100 லீப் வருடம் இல்லை என்பதால், அதற்குப் பிறகு பொங்கல் அனேகமாக ஜனவரி 16. தமிழ்ப் புத்தாண்டு சித்திரையா தையா என்று 2008-ல் ஒரு சட்டமும் 2011-ல் அதை ரத்து செய்ய ஒரு சட்டமும் போட்டோம். அந்தச் சித்திரையும் தையும் காலுக்கு அடியில் நகர்வதை எந்தக் கட்சியும் பேசவில்லை.

பேசியவர் ஒரே ஒருவர். விஞ்ஞானி மேக்நாத் சாஹா. 1952-ல் மத்திய அரசு அவர் தலைமையில் ஒரு குழு போட்டது. நாட்டில் சுமார் முப்பது பஞ்சாங்கங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு, 1955-ல் அறிக்கை கொடுத்தார்கள். அதன்படி 1957 மார்ச் 22-ல் தேசிய காலண்டர் பிறந்தது. சக வருடம், சைத்ர மாதம், லீப் வருடத்தில் சைத்ரத்துக்கு 31 நாள், நகரவே நகராத கணக்கு. அரசிதழில் அந்தத் தேதியை அச்சிடுகிறார்கள். இன்று என்ன தேசியத் தேதி என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. குழுவின் கணக்கில் குறை இல்லை. ஆனால் அந்தக் காலண்டரில் எந்த ஊர்க்காரனுக்கும் திருவிழா இல்லை, தேர் இல்லை, திதி இல்லை. யார் வாங்கி மாட்டுவார்கள்?

பாபநாசம் அணையைக் கார் சாகுபடிக்கு ஜூன் 1-ல் திறப்பது வழக்கம். மழை ஏமாற்றினால் தள்ளிப் போகும். இது இங்கிலீஷ் தேதி, பருவத்தோடு கட்டிப்போட்ட தேதி. ஆயிரம் வருடம் ஆனாலும் தென்மேற்குப் பருவமழையும் ஜூனும் பிரியாது. ஆனால் 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்கிற நம் சொலவடை அப்படி இல்லை. ராஜராஜன் காலத்து ஆடி முதல் தேதி, இன்றைய கணக்கில் ஜூலை 1-ஐ ஒட்டி வந்திருக்கும். இப்போது 17. இன்னும் இரண்டாயிரம் வருடம் போனால் ஆகஸ்ட் நடுவுக்குப் போய்விடும். அப்போது ஆடிக் காற்று அடித்து ஓய்ந்திருக்கும், குற்றாலத்தில் சாரல் குறையத் தொடங்கியிருக்கும்.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல் உண்டு. பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டாயிரம் வருசம் கழிச்சு வாறத அவனுவ பாத்துக்கிடுவானுவ. நீ மொதல்ல அணையில இன்னைக்கு எத்தன அடின்னு பேப்பர்ல பாத்துச் சொல்லுல."

பார்த்துச் சொன்னேன். அந்த வருடம் கார் பருவத்தில் மழை ஏமாற்றியது. டிசம்பர் 17-ல், மார்கழி பிறந்த அன்று, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் நுழைந்தது. எங்கள் தெருவில் இப்போது பிள்ளைகளுக்கு வயது சொல்லும்போது, "மார்கழி வெள்ளத்துல கைப்பிள்ள" என்கிறார்கள்.